வரம்பிலை நிண்ட வருசம்

மாதவிலக்கு வந்தால் அம்மா மிளகாய்ப் பாத்திக்குள் கால் வைக்க மாட்டா. ஐந்து நாள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் வைக்கவில்லை, பலெர்மோவுக்கு வந்து சிசிலிக்காரரின் மண்ணிலும் வைக்கவில்லை. துடக்கோடு உள்ளே போனால் மிளகாய்க் கண்டின் இலை சுருண்டு, பூக் கொட்டி, ஒரு கிழமைக்குள் கருகிப் போகும் என்பது அவவுக்குத் தெரிந்த விசயம். அதை நம்பிக்கை என்று நான் எழுதினால் அவவுக்குக் கோபம்தான் வரும். சூரியன் கிழக்கில் வருகிறது என்பதை ஆராவது நம்பிக்கை என்றா சொல்கிறார்கள்?

நாங்கள் பலெர்மோவுக்கு வந்தது தொண்ணூற்று மூன்றில். எனக்குப் பதினொன்று, தங்கச்சிக்கு ஒன்பது. அப்பா முதலே வந்து ஒரு பணக்கார வீட்டில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எங்களிடம் வருவார். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டு நாயைக் கூட்டிக்கொண்டு திரிவதும் வெள்ளிக் கரண்டி மினுக்குவதும்தான். எங்களுக்குச் சீசா என்கிற பகுதியில் நாலாம் மாடியில் இரண்டு அறை. அம்மா காலையில் ஒரு இத்தாலியச் சீமாட்டி, சிஞ்ஞோரா என்போம், அவவின் வீட்டுக்குக் கூட்டித் துடைக்கப் போவா. ஊரில் மிளகாயும் வெங்காயமும் செய்த மனிசி, விடியப் பஸ்ஸில் போய் இன்னொருத்தியின் படுக்கை விரித்துவிட்டு மத்தியானம் வந்து கட்டிலில் குந்தியிருந்து சுவரைப் பார்ப்பா. களைப்பு என்று நாங்கள் நினைத்தோம். களைப்பில்லை, கை சும்மா இருக்கேலாத வருத்தம்.

அந்த வருத்தம் ஒருநாள் வெளியே வந்தது. சிஞ்ஞோராவின் பல்கனியில் நீட்டு நீட்டுத் தொட்டிகளில் சிவப்புப் பூச்செடி நின்றது. அதைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவ கடற்கரைக்குப் போய் மூன்று கிழமை இருந்து வந்தா. வந்து பார்த்தால் பூச்செடியைக் காணோம், தொட்டி முழுக்க மிளகாய்க் கண்டு. அம்மா கொஞ்சமும் கூசாமல், "அது சும்மா நிண்டது சிஞ்ஞோரா, இது காய்க்கும்" என்று தமிழில் சொன்னாவாம். வேலை போய்விட்டது என்றுதான் அப்பா தலையில் கை வைத்தார். ஆனால் சிஞ்ஞோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னுடைய மாமனாரின் எலுமிச்சைத் தோட்டம் ஒன்று நகரத்துக்கு வெளியே மலையடிவாரத்தில் பார்ப்பாரில்லாமல் கிடக்கிறது, அங்கே போய் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டு, என் பல்கனியை மட்டும் விட்டுவிடு என்றா. அப்படித்தான் எங்களுக்குத் தோட்டம் கிடைத்தது.

பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம், பிறகு நடை. பாதி எலுமிச்சை பட்டுப் போய் நின்றது. அம்மா ஒரு இடத்தில் மண்வெட்டியைப் போட்டா. டங் என்று சத்தம். இரண்டாவது இடத்தில் போட்டா, அங்கேயும் டங். "அட கோதாரி, கல்லுக்குள்ளை கொஞ்சம் மண் கலந்து வைச்சிருக்கினம்" என்று சொல்லிவிட்டுச் சீலையைத் தூக்கிச் செருகினா. அன்றைக்கு அவவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சந்தோசம் என்றால் அதுதான்.

தண்ணீர் அங்கே முறைக்குத்தான் வரும். கிழமைக்கு ஒருமுறை, புதன்கிழமை பின்னேரம், இரண்டு மணித்தியாலம், ஒரு சீமெந்துத் தொட்டிக்குள். அதை வாய்க்காலில் திறந்துவிட்டு, ஒரு பாத்தி நிரம்ப மண்ணை வெட்டி அடைத்து, அடுத்த பாத்திக்குத் திருப்ப வேண்டும். இதைத் தண்ணி மாறுறது என்போம். தொட்டியடியில் ஒரு ஆள், பாத்தியடியில் ஒரு ஆள். தண்ணீர் மாறி முடிய மிளகாய் ஆய வேண்டும், ஏனென்றால் வியாழன் காலையில் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த தமிழ்க் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். பச்சையாக ஆயத் தவறியது பழுத்து, பழம் வெயிலில் வெந்து அழுகிப் போகும். ஆகையால் புதன் என்றால் புதன்தான்.

அம்மாவுக்குச் சுகமில்லாத புதன்கிழமைகளில் தங்கச்சியும் நானும்தான் உள்ளே இறங்குவோம். அம்மா வரம்பில் நிற்பா. சும்மா நிற்கவும் மாட்டா. "எடி, கீழ்க் கொப்பைப் பார்! அதை விட்டிட்டு எங்கை பாஞ்சு போறாய்? காம்போடை ஆய், காம்போடை!" என்று வாய் ஓயாது. ஆனால் பாத்தி ஓரத்துக்குக்கூட வர மாட்டா. தன்னுடைய நிழல் கண்டில் விழக்கூடாது என்று அவவுக்கு ஒரு கணக்கு இருந்தது. வெயில் சாயச் சாய நிழல் நீளும். நீள நீள அம்மா பின்னால் தள்ளித் தள்ளிப் போவா. கடைசியில் எலுமிச்சை மரத்துக்கும் அந்தப்புறம் நின்று கத்திக்கொண்டிருப்பா. எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது, "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டு எங்கள் பாட்டுக்கு ஆய்வோம்.

"நீங்கள் ரெண்டு பேரும் பெரிய பிள்ளையாகினால் என்ர மிளகாயை ஆர் ஆயிறது?" என்று பகிடியாகச் சொல்லுவா. "கொப்பரைத்தான் இறக்கோணும்."

"எனக்கு அந்த நாயைக் கொண்டுபோகவே நேரமில்லை" என்பார் அப்பா.

தொண்ணூற்றைந்தில், ஆடி மாதத்துப் புதன் ஒன்றில், நான் பெரிய பிள்ளையானேன். மிளகாய்ப் பாத்திக்குள்ளேயே. தண்ணீர் மாறிக்கொண்டு குனிந்து நின்றபோது. அம்மா மேலே தொட்டியடியில் நின்றா, அன்றைக்கு அவவுக்கும் சுகமில்லை. தங்கச்சி ஒரு மரத்தின் கீழ் நிழலில் படுத்திருந்தாள். என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. வயிறு வலிக்கவில்லை, ஆனால் பயம் வந்தது. வெட்கத்தினால் அல்ல. என்னைச் சுற்றி நூற்றுக்கணக்கான கண்டு நிற்கிறது, நான் அதற்குள் முழங்கால் மட்டும் சேறாக நிற்கிறேன். முடிந்தது, இவ்வளவும் கருகப் போகிறது, அம்மா என்னை உரித்துப் போடுவா.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் தண்ணீர் முறை பாழ், ஆய வேண்டியது அப்படியே நிற்கும், கண்டு கருகினால் அதற்குப் பொறுப்பு நான். சும்மா சொல்லக்கூடாது, நான் அப்பவே அழுத்தக்காரி. கருகுதோ இல்லையோ, பார்த்துவிட்டுச் சொல்லுவம் என்று முடிவெடுத்தேன். பாத்தியை அடைத்து அடுத்ததற்குத் திருப்பினேன். அடுத்த புதன் போய் ஓடி ஓடிப் பார்த்தேன். ஒரு இலையும் சுருளவில்லை. அதற்கு அடுத்த புதன் பூ வெள்ளையாய்க் குலுங்கியது. அந்த வருசம் காய்த்தது போல் அந்தத் தோட்டம் அதற்கு முன்னும் காய்க்கவில்லை, பிறகும் காய்க்கவில்லை. கடைக்காரர் இரண்டாவது பெட்டி கேட்டார்.

"மூத்தவளின்ர கால்ராசி" என்று அம்மா கடையில் நின்று பெருமையடித்தா. "அவள் இறங்கின பாத்தியைப் பாத்தால் தெரியும்."

கண்டு கருகாததால் எனக்குச் சொல்லக் காரணமும் இல்லாமல் போனது. ஒரு மாதம் போக இரண்டாம் மாதம் வந்தது. அப்போது சொன்னால் முதல் மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பா. மூன்றாம் மாதம் சொன்னால் இரண்டு மாதத்துக்கும் கேட்பா. பிறகு பள்ளிக்கூடம் தொடங்கியது. வகுப்பில் பக்கத்து மேசைக்காரி பொடியன்கள் எல்லாரும் பார்க்க ஒரு நாப்கின் பெட்டியைத் தூக்கி என் மேசையில் வைத்து, "உனக்கும் வந்திட்டுதா? இந்தா, முடிஞ்சால் சொல்லு" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு. எங்கள் வீட்டில் அதே விசயத்துக்கு மண்டபம் பிடித்து, சாறி உடுத்தி, ஆலாத்தி எடுத்து, வீடியோ பிடித்து, முன்னூறு பேருக்குச் சாப்பாடு கொடுப்பார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். "அப்ப நீ ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய்?" என்றாள். அந்தப் பெட்டியைப் புத்தகப் பைக்குள் அடியில் செருகினேன்.

அடுத்த பங்குனியில் தங்கச்சி சாமத்தியப்பட்டாள். அவளுக்குப் பன்னிரண்டுகூட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. "அம்மா!" என்று அவள் கத்தின கத்தில் கீழ்மாடிச் சிசிலிக்காரக் கிழவி படியேறி வந்து ஆர் செத்தது என்று கேட்டா. அம்மா அழுகையும் சிரிப்புமாக அவளைக் கட்டிப் பிடித்தா. உடனே டெலிபோன். பதினொரு நாள் அறைக்குள் வைத்து, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் ஊட்டி, குளியலறையில் தண்ணீர் வார்த்தார்கள். நான் வாசலில் நின்று துவாய் எடுத்துக் கொடுத்தேன். அதெல்லாம் எனக்குக் கிடைக்கவில்லை என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பொறாமையாக இருந்தது.

தண்ணீர் வார்த்து முடிந்த அன்றே அம்மாவின் முகம் மாறியது. என்னை ஏற இறங்கப் பார்க்கத் தொடங்கினா. மண்டபச் சடங்குக்கு அப்பா நாள் பார்க்கப் போக, "வேண்டாம், மூத்தவளுக்கும் ஆகட்டும்" என்றா. "மூத்தவள் இருக்க இளையவளுக்குச் செய்தால் சனம் என்ன கதைக்கும்?"

சனம் எப்படியும் கதைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் பொம்பிளைகள் அம்மாவைச் சுற்றி நின்றுகொண்டு என்னைப் பார்ப்பார்கள். "பதினாலு நடக்குதே? இன்னும் இல்லையோ?" "நல்லாச் சாப்பிடுறவளோ?" "எங்கட சொந்தத்துக்கை ஒண்டு இப்பிடித்தான் இருந்தது, பிறகு கலியாணமே சரிவரேல்லை." கடைசியாகச் சொன்னவவுக்கு வாயில் புழு விழ வேண்டும் என்று நான் அந்த நேரம் மனதாரத் திட்டினேன். அம்மா சிரித்துக்கொண்டு நின்றுவிட்டு, பஸ்ஸில் வரும்போது கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதா.

அதற்குப் பிறகு விடியற்காலையில் எனக்கும் பச்சை முட்டை. மூக்கைப் பொத்தி வாயில் ஊற்றுவா. ஊரிலிருந்து வந்த ஆரிடமோ வாங்கின ஒரு கசப்பு உருண்டை. வெள்ளிக்கிழமை விரதம் அம்மாவுக்கு, செவ்வாய் விரதம் புதிதாகச் சேர்ந்தது. எல்லாம் எனக்காக. என் பிள்ளைக்கு என்ன குறை, நான் என்ன பாவம் செய்தேன், தோட்டத்திலை கஷ்டப்படுத்திப் பிள்ளையை வாட்டிப் போட்டனோ என்று அப்பாவிடம் அவ சொல்லி அழுவதை அறைக்குள் இருந்து கேட்டேன். இவ்வளவும் கேட்டும் நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் எனக்கே என்னில் ஆத்திரம் வருகிறது.

பொய்யாக "இண்டைக்கு வந்திட்டுது" என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தேன்தான். ஆனால் அந்த நாளையும் நேரத்தையும் வைத்துச் சாத்திரியார் ஒரு சாதகம் எழுதுவார், அதை வைத்துத்தான் நாளைக்குக் கலியாணப் பொருத்தம் பார்ப்பார்கள். சொல்லாமல் விட்டது ஒன்று, வாய் திறந்து பொய் சொல்லி என் தலையெழுத்தையே பொய்யாக எழுதிக்கொள்வது இன்னொன்று என்று இருந்தது அந்த வயதில். அதோடு இன்னொன்றும் இருந்தது. தங்கச்சி இப்போது துடக்குக்காரி. அம்மாவுக்குச் சுகமில்லாத நாட்களில் பாத்திக்குள் இறங்க மிஞ்சியிருந்த ஒரே குழந்தைப் பிள்ளை நான்தான். நானும் பெரிய பிள்ளை என்றால் தோட்டம் என்னாவது? அம்மாவே அதைத்தான் அரை மனதாக நினைத்திருப்பா என்று எனக்குச் சந்தேகம். என்னை வரம்பிலிருந்து பார்க்கும்போது அவவின் முகத்தில் கவலையும் நிம்மதியும் கலந்து கிடக்கும்.

தங்கச்சி வைகாசியில் கண்டுபிடித்தாள். பென்சில் தேடி என் பையைக் கவிழ்த்தாள். பெட்டி விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா! எவ்வளவு காலமா?"

"போன ஆடியிலை இருந்து."

"மாதோன்னா!" என்று சிசிலிக்காரி மாதிரிக் கையை உதறினாள். "அப்ப நான் உனக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறன், நீ என்னடாவெண்டால் எனக்கு முதலே முடிச்சிட்டாய்! என்ர சாறி, என்ர வீடியோ எல்லாம் நிக்குது. பஸ்தா அக்கா, போதும். நீ சொல்லு, இல்லாட்டி நான் சொல்லுவன்."

ஒரு மாதம் தவணை கேட்டேன். அதற்குப் பதிலாக அவளுடைய முறைக்கும் நானே கோப்பை கழுவினேன்.

ஆனியில் அம்மா என்னைப் பொம்பிளை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனா. அம்மாவுக்கு இத்தாலியன் சமையலறைக்கும் குளியலறைக்கும் மட்டும்தான் வரும். டொக்டர், விசாவுக்குப் போகிற குவெஸ்தூராக் கந்தோர், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் நான்தான் வாய். டொக்டருக்கு முன்னால் அம்மா கதிரை நுனியில் குந்திக்கொண்டு, "கேள் பிள்ளை, பதினாலு வயசாகுது, இன்னும் ஆகேல்லை, ஏதும் குறையோ எண்டு கேள்" என்றா.

நான் டொக்டரிடம், எனக்கு வயிற்றுவலி வருகிறதென்று அம்மாவுக்குக் கவலை என்றேன். டொக்டர் கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டா. "பன்னிரண்டு நாளைக்கு முதல்" என்றேன். ஒழுங்காக வருகிறதா என்று கேட்டா. "ஒழுங்காக" என்றேன். வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, ஒரு பிரச்சினையும் இல்லை, ஆரோக்கியமான பிள்ளை என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினா.

"என்னவாம்?"

"ஒரு குறையும் இல்லையாம், காலம் வர வருமாம்."

அம்மா எழும்பி அந்த டொக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினா. பிறகு பையிலிருந்து ஒரு சரை நிறையக் கத்தரிக்காயை எடுத்து மேசையில் வைத்தா. இரண்டு பொம்பிளைகள் என்னை நடுவில் வைத்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிக்கிறார்கள், இரண்டு பேருக்கும் நான் சொன்னதுதான் உலகம். அந்த அறையை விட்டு வந்த நேரம் நான் என்னிலேயே பயந்து போனேன். எனக்கு இருந்த பயம் முழுக்க ஒன்றுதான்: இது வெளியே வந்தால் அம்மா இனி ஒருநாளும் என்னை நம்ப மாட்டா. அடி விழும், அது பரவாயில்லை. நம்ப மாட்டா.

டொக்டர் சொன்னது அம்மாவுக்கு ஒரு கிழமைதான் தாங்கியது. பிறகு மலைக்கு நேத்திக்கடன் வைத்தா. பலெர்மோவில் எங்கட சனம் சைவமோ கிறிஸ்தவ வேதமோ, ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் மலையில் குகைக்குள் இருக்கும் மாதாவிடம்தான் போகும். அவ மாதா இல்லை, ஒரு கன்னிப் புனிதை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னேன். "எங்கட கண்ணகை அம்மனும் மாதாவும் எல்லாம் ஒண்டுதான், நீ நட" என்றா. ஆடி மாதத்து ஞாயிறு. அப்பாவுக்கு அன்றைக்கு வீட்டுக்காரர் லீவு கொடுக்கவில்லை. தங்கச்சி வரமாட்டேன் என்றாள். போகும்போது என் காதுக்குள், "தவணை முடிஞ்சு போச்சு" என்றாள்.

கல்லுப் பதித்த பழைய பாதை, வளைந்து வளைந்து ஏறும். அம்மா அடியிலேயே செருப்பைக் கழற்றி என் கையில் தந்தா. காலையில் தண்ணீரும் குடிக்கவில்லை. பத்து மணிக்கே கல் சுட்டது. அவ காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு முன்னால் போனா. வயலில் ஒருநாளும் மூச்சு வாங்காத மனிசிக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது வளைவில் நின்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தா. தோல் பொங்கியிருந்தது.

"அம்மா, செருப்பைப் போடுங்கோ."

"நேத்தி பிள்ளை. உனக்கு நல்லது நடக்கோணும் எண்டு வைச்சது."

"போடுங்கோ அம்மா. தேவையில்லை."

"வாயை மூடிக்கொண்டு வா."

"தேவையில்லை அம்மா! நான் போன வருசமே பெரிய பிள்ளையாகிட்டன்."

அவ காலைக் கீழே வைத்தா. சுடுகிற கல்லில், அப்படியே. மேலே போன இரண்டு சிசிலிக்காரிகள் எங்களைத் தாண்டிப் போகுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றா.

"எப்ப?"

"போன ஆடி. புதன்கிழமை. தண்ணி மாறேக்கை."

கன்னத்தைப் பொத்தி ஒன்று விழுந்தது. தாண்டிப் போனவர்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்து "பாவம்" என்றாள். அம்மா அவளைப் பார்த்த பார்வையில் அவள் விறுவிறென்று ஏறிப் போய்விட்டாள். நான் அழுதேன். அம்மா அழவில்லை. பாதையோரத்துச் சுவரில் கொஞ்ச நேரம் இருந்தா. பிறகு எழும்பி மேலே ஏறத் தொடங்கினா.

"அம்மா, எங்கை போறியள்?"

"நேத்தி வைச்சாச்சு. அவவுக்கு நான் என்ன சொல்லுறது, என்ர மகள் கள்ளி எண்டோ?"

வெறுங்காலோடு உச்சி மட்டும் ஏறி, குகைக்குள் போய்க் கனநேரம் நின்றா. என்ன கேட்டா என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் இறங்கி வரும்போது ஒரு முறைதான் வாய் திறந்தா. "கொப்பருக்குச் சொல்லாதை. சனத்துக்கு இந்த மாசம் எண்டு சொல்லுவம். சாத்திரியாருக்கு நாளையும் நேரத்தையும் உள்ளபடி குடு. வருசத்தை அவர் கேட்டால் பாப்பம்." பிறகு ஆவணியில் இரண்டு பேருக்கும் ஒன்றாக மண்டபத்தில் செய்தார்கள், தங்கச்சிக்கு வீடியோவும் கிடைத்தது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. நான் சொல்ல வந்தது மலைக்குப் போய்வந்த கிழமையின் புதனைப் பற்றி.

மூன்று நாளாக அம்மா என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு போடுவா, கோப்பையைத் தள்ளி வைப்பா, அவ்வளவுதான். புதன் பின்னேரம் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அங்கே போனால் மிளகாய் பொறுத்த கட்டத்தில் நின்றது; பாதி பழுத்து, கொப்பு முறியக் கனத்துப் போய். அன்றைக்கு ஆயாவிட்டால் அவ்வளவும் போகும். அம்மா கூடைகளை வரம்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தா.

"எனக்குச் சுகமில்லை" என்றா. தங்கச்சியைப் பார்த்தா.

"எனக்கும்" என்றாள் தங்கச்சி, மெல்லிய குரலில்.

பிறகு என்னைப் பார்த்தா. அவ இதுவரை என்னிடம் கேட்டதில்லை, கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. "உனக்கு?"

இல்லை என்று சொல்லியிருந்தால் நான் இறங்கியிருப்பேன், மிளகாய் தப்பியிருக்கும், எல்லாம் முன்னைய மாதிரியே போயிருக்கும். வாய்க்கு வந்த பொய்யை விழுங்கினேன்.

"எனக்கும் அம்மா. நேற்றிலை இருந்து."

மூன்று பொம்பிளைகள் வரம்பில். தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கையால் வாயைப் பொத்தினாள். மேலே தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. வெயில் பின்னாலிருந்து அடித்தது. அம்மா பழக்கத்தில் ஒரு எட்டுப் பின்னுக்குப் போனா.

"போன வருசம் துடக்கோடை எத்தினை தரம் உள்ளுக்கை போனனி?"

"எல்லாத் தரமும்."

"ஒரு கண்டாவது சுருண்டதோ?"

"இல்லை."

"பூக் கொட்டினதோ?"

"இல்லை அம்மா. உங்களுக்குத் தெரியும்தானே. போன வருசம்தான் நல்லாக் காய்ச்சது."

அம்மா செருப்பைக் கழற்றினா. மலையில் பொங்கின பாதம் இன்னும் ஆறவில்லை. முதல் பாத்திக்குள் ஒரு காலை வைத்தா. மற்றதையும் வைத்தா. வைத்துவிட்டுக் குனியாமல் நின்றா, ஏதோ நடக்கட்டும் என்று பொறுத்து நிற்கிற மாதிரி. ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "என்ன வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறியள்? இறங்குங்கோ!" என்று கத்தினா. தங்கச்சி தண்ணீரைத் திறக்க ஓடினாள். நான் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஒரு பாத்தி முடியுமட்டும் அவ தலை நிமிரவில்லை. கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாத்தியில் இருந்து, என்னைப் பார்க்காமலே கதைத்தா.

"ஊரிலை கலியாணம் கட்டின நாளிலை இருந்து வரம்பிலை நிண்டனான். பழம் அழுகிக் கொட்டேக்கை பாத்துக்கொண்டு நிண்டனான். நீ கைக்குழந்தையா இருக்கேக்கை, ஆய ஆளில்லாமல் ஒரு போகமே போனது. அப்ப எனக்குத் தெரியாது, எனக்குச் சொன்ன ஆக்களுக்கும் தெரியாது. அது போகட்டும்."

ஒரு கொப்பை நிமிர்த்தி அடியில் இருந்த பழத்தை ஆய்ந்தா.

"உனக்குத் தெரியும். ஒரு வருசமா உனக்குத் தெரியும், ஒண்டும் நடக்காது எண்டு. தெரிஞ்சுகொண்டு நீ உள்ளுக்கை நிண்டாய், என்னை அங்கை வெயிலுக்கை நிக்க விட்டிட்டாய்."